இரண்டு அங்குலம் அறுத்த துப்பாக்கி

என் அண்ணன் வெர்லின் அப்பாவின் துப்பாக்கியை, தோளில் வைக்கிற மரக்கட்டைப் பக்கம் ரம்பத்தால் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து, "பாரு மார்லி, உன் பொண்ணுக்காக" என்று காட்டுக் குடிலில் என் சமையல் மேசை மேல் வைத்தபோது நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். கத்தி கையில்தான் இருந்தது. அதை அவன் மேல் எறியாமல் இருந்ததற்காக என்னை யாராவது பாராட்டியிருக்க வேண்டும். யாரும் பாராட்டவில்லை.

அவன் முகத்தில் அப்படி ஒரு பாசம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேண்டுமென்றே கெடுதல் செய்கிறவனை நாலு கேள்வி கேட்டுவிடலாம். பாசத்தோடு கெடுதல் செய்கிறவனை என்ன செய்வது?

"அப்பா துப்பாக்கி மேல ரம்பம் வைக்க மனசே வரல," என்றான். "பட்டறையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் கொரினை நினைச்சேன். குழந்தைக்குக் கை எட்டணும்ல? மனசைக் கல்லாக்கிக்கிட்டு ரெண்டு இன்ச் அறுத்துட்டேன்."

"மனசு மட்டுமா கல்லாச்சு? மண்டையும்தான்."

"போடி. உனக்கு நல்லதே கண்ணுல படாது."

விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே எங்கள் பக்கத்தில் மான் வேட்டைக் காலம் நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராட்கே குடும்பம் இந்தக் குடிலில் கூடும். குடிலுக்குப் பின்னால் ஒரு பழைய மணல் குழி. அங்கே அட்டைப்பெட்டியில் காகிதத் தட்டைக் குத்திவைத்து, அவரவர் துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். சுடுவது ஆண்கள் வேலை. தொத்திறைச்சி வேகவைப்பது என் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து இந்தக் குடிலின் அடுப்பு என் பொறுப்பு. இப்போது நாற்பத்து நாலு. இடையில் பள்ளிப் பேருந்து ஓட்டக் கற்றேன், கல்யாணம் செய்தேன், அந்தக் கல்யாணத்தைக் கோர்ட்டில் முடித்தும் வைத்தேன். நவம்பர் வந்தால் மட்டும் பழையபடி அடுப்படி.

அந்த அடுப்படிக்கு என்னை அனுப்பியது இதே துப்பாக்கிதான். ராட்கே வீட்டுப் பிள்ளையின் முதல் மான் அப்பாவின் துப்பாக்கியில்தான் விழ வேண்டும் என்பது குடும்பச் சட்டம். யார் போட்ட சட்டம்? அப்பாதான். தர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்பார்கள் அந்த ரகத்தை. கரடியைச் சாய்க்கிற தோட்டா. அதைப் பன்னிரண்டு வயதுப் பெண் தோளில் வைத்து ஒரு காகிதத் தட்டைச் சுடச் சொன்னார். சுட்டேன். கட்டை தோளில் உதைத்த உதையில் மேலே குறிபார்க்க வைத்திருந்த ஸ்கோப் வந்து புருவத்தைக் கிழித்தது. நான் அழுதேன். அப்பா ரத்தத்தைத் துடைக்கவில்லை. "வலிக்குதுன்னு சொல்ற ஆளுக்கு அடுப்படியில இடம் இருக்கு," என்றார். அவ்வளவுதான். உள்ளே போனேன். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆகவே என் மகள் கொரின் பன்னிரண்டு வயதில் தானும் வேட்டைக்குப் போக வேண்டும் என்று நின்றபோது, நான் ஒரு முடிவு செய்தேன். இவளுக்குத் துப்பாக்கி நான் பார்த்து வாங்குவேன். குடும்பமாவது சட்டமாவது.

அதுவும் லேசில் முடியவில்லை. கடைக்காரன் கொரினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரோஜா நிறக் கட்டை போட்ட ஒன்றை நீட்டினான். "பொண்ணுங்களுக்குன்னே வர்றது மேடம். இறகு மாதிரி இருக்கும்." இறகாம்! லேசான துப்பாக்கி கூடுதலாக உதைக்கும், கனமானது பாதி உதையைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொள்ளும் என்பதை எங்கள் ஊர் மன்றத்தில் நடந்த வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் கொரினோடு உட்கார்ந்து நானும் கேட்டிருந்தேன். "அந்த இறகை உங்க தலையில செருகிக்குங்க," என்றேன். "டூ-ஃபார்ட்டி-த்ரீ ரகம் காட்டுங்க. மானுக்குப் போதும், தோளுக்கும் பாதகமில்ல. கட்டை குட்டையா இருக்கணும், அவ வளர வளர நீட்டிக்கிற மாதிரி. பின்னாடி தடிச்ச ரப்பர் இருக்கணும். எடை குறையக் கூடாது." கட்டையின் அடியைக் கொரினின் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். மூன்று துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஒன்று பொருந்தியது. கடைக்காரன் என்னை இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

கொரினுக்கு இருந்தது வேறு பயம். போன வருஷம் வெர்லின் ஒரு பெட்டை மானை வயிற்றில் சுட்டுவிட்டான். அது ஓடிவிட்டது. பனியில் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போனோம். சதுப்புக்குள் தடம் காணாமல் போனது. கொரின் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. துப்பாக்கி வாங்கிக்கொண்டு வரும் வழியில் காரில் சொன்னாள்: "நான் சுட்டா அது அங்கேயே விழணும்மா. எங்கேயோ கிடந்து சாகக் கூடாது. அப்படி சுட முடியலைன்னா எனக்கு வேட்டையே வேண்டாம்."

இப்படிப் பேசுகிற பிள்ளைக்குத்தான் என் அண்ணன் அந்த இரும்பு இயந்திரத்தைக் கொண்டு வந்திருந்தான்.

மேசையில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்தேன். அறுத்தபோது பின்னால் இருந்த ரப்பரும் போய்விட்டது. வெறும் மரம், அதன்மேல் ஒரு இரும்புத் தகடு. எடை குறைந்திருந்தது. கட்டை குட்டையானதால் ஸ்கோப் கண்ணுக்கு இன்னும் கிட்டே வந்திருந்தது. என்னை உதைத்ததைவிட இது இவளை மோசமாக உதைக்கும். ஒரு மனிதன் கஷ்டப்பட்டு யோசித்தால்கூட இத்தனை தப்பை ஒரே வெட்டில் செய்ய முடியாது.

"இதை அவ தொட மாட்டா," என்றேன். "அவளுக்குன்னு வாங்கின துப்பாக்கி அதோ கதவுக்குப் பின்னாடி இருக்கு."

"அந்தப் பொம்மையா?" என்றான் வெர்லின்.

அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பாலாடைக்கட்டியை மென்றுகொண்டிருந்த பர்னெல் சிரித்தான். பர்னெல் எங்கள் சித்தப்பா மகன். சிரிப்பதற்கென்றே பிறந்தவன். "அணில் சுடப் போறாளா கொரின்? வால் மட்டும் எனக்குக் குடு."

"பர்னெல், உன் வாயில இன்னொரு துண்டு போட்டுக்க," என்றேன்.

"குடும்ப மரியாதைன்னு ஒண்ணு இருக்கு மார்லி," என்றான் வெர்லின். "அப்பாவுக்காக ஒரே ஒரு குண்டு. அப்புறம் உன் பொம்மையையே வச்சுக்கட்டும்."

"முடியாதுன்னா முடியாது."

கொரின் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாமா என்றால் உயிர். அவன் அவளுக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு அறுத்திருக்கிறான். அவள் எப்படி மாட்டேன் என்பாள்? நான் அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் தொத்திறைச்சிப் பானைக்குத் தண்ணீர் ஊற்றி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அடுப்போடு இருந்துவிட்டேன்.

குண்டுச் சத்தம் கேட்டபோது மூடி கையிலிருந்து நழுவியது. அந்தத் துப்பாக்கியின் சத்தம் எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும். திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் யாரும் இல்லை. மேசையில் துப்பாக்கியும் இல்லை.

ஓடினேன். மேலங்கி போடவில்லை. செருப்போடு பனியில் ஓடினேன். பாதி வழியில் இரண்டாவது சத்தம். "அடி சக்கை!" என்று பர்னெல் கத்துவது கேட்டது. பிறகு மூன்றாவது.

ஒரே ஒரு குண்டு என்று சொன்னவன் மூன்று சுட வைத்திருந்தான்.

மணல் குழியின் ஓரத்தில் மரப்பெஞ்சில் கொரின் உட்கார்ந்திருந்தாள். அவள் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மேலே புருவத்தில் ஒரு சிவப்பு வளையம். ரத்தம் இல்லை. கண்ணாடி காப்பாற்றியிருக்கிறது. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, அது தன்னுடையதே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே காகிதத் தட்டு புத்தம் புதுசாக இருந்தது. ஒரு ஓட்டை இல்லை.

"முதல் நாள்ல யாருக்கும் படாது," என்றான் வெர்லின் அவள் முதுகைத் தட்டி. "பழகிடும். இன்னொண்ணு போடலாமா?"

கொரின் எழுந்து என்னிடம் வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா, எனக்கு மான் வேண்டாம். நான் உன்கூட சமையலுக்கு வரேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது. கோபம் என்று சொன்னால் போதாது. முப்பது வருஷத்துக் கோபம் ஒரே வாயாக வெளியே வரப் பார்த்தது. கத்தியிருந்தால் அந்தக் காட்டில் ஒரு மான் மிஞ்சியிருக்காது. ஆனால் நான் கத்தவில்லை. கத்தினால், "மார்லி ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவன் அவமானப்பட வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது. மறைத்து என்ன பயன்?

"சரி," என்றேன். "ராட்கே குடும்பத்து ஆம்பளை எப்படி சுடுவான்னு குழந்தைக்குக் காட்டு வெர்லின். உட்காரு."

"நானா?"

"நீதான். தோட்டா நான் போட்டுத் தரேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தான். நான் துப்பாக்கியை வாங்கி, குழலை மணல் மேட்டுப் பக்கம் வைத்து, ஒரு தோட்டாவை எடுத்தேன். உள்ளே தள்ளுவதுபோல் தள்ளி, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, போல்ட் என்கிற அந்தத் தாழ்ப்பாளை வெறுமனே மூடினேன். வகுப்பில் ஆசிரியர் செய்து காட்டிய வித்தை அது. உள்ளே தோட்டா இல்லை என்பது சுடுகிறவனுக்குத் தெரியாது. நல்ல கை என்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், துப்பாக்கி அசையாது. பயந்த கை என்றால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

வெர்லின் ஐம்பத்தொரு வயது. கதவு நிறைய உடம்பு. கட்டையைத் தோளில் வைத்தான். கன்னத்தைப் பதித்தான். மூச்சை விட்டான். விசையை அழுத்தினான்.

டிக்.

அந்த மொத்த உடம்பும் துள்ளியது. தோள் முன்னால் பாய்ந்தது. குழலின் நுனி தடாலென்று தரையைப் பார்த்துக் குத்தியது. கண்கள் இறுக்கி மூடியிருந்தன. வாய் கோணியிருந்தது. வெடிக்காத துப்பாக்கிக்கு முன்னால் அவன் அப்படியே, கண்ணைத் திறக்காமல், அடி விழக் காத்துக்கொண்டிருந்தான்.

பர்னெல் ஒரு சிரிப்பை ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மானைத் தவறவிட்டவனின் சட்டை வாலைக் கத்தரித்துக் குடில் சுவரில் ஆணியடிப்பார்கள். எங்கள் சுவரில் பாதிக்கு மேல் வெர்லினுடையவை. அவனுக்கு நேரம் சரியில்லை, காற்று திரும்பிவிட்டது, மரக்கிளை குறுக்கே வந்தது என்று வருஷா வருஷம் பேசுவார்கள். காற்றும் இல்லை, கிளையும் இல்லை; உதைக்குப் பயந்து இறுக மூடிய கண். போன வருஷத்துப் பெட்டை மானின் வயிற்றில் பட்டது எப்படி என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. கொரினுக்கும் தெரிந்தது.

வெர்லின் கண்ணைத் திறந்தான். "குண்டு போடலையா நீ?"

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அவன் அவமானப்பட்டான். எனக்கு ஜெயித்தாற்போலவே இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றேன்.

"எப்பவுமே." துப்பாக்கியைப் பெஞ்சின்மேல் வைத்தான். "முதல் நாள்லேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? அப்பாகிட்டயா?" அவன் குரல் உயர்ந்தது. "நீ அழுத. உன்னை அடுப்படிக்கு அனுப்பினாரு. நான் அழுதிருந்தா என்னை எங்க அனுப்பியிருப்பாரு? நீ கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போனதை நான் பார்த்துக்கிட்டே நின்னேன் மார்லி. உள்ள சூடா இருந்துச்சு. ரொட்டி வாசனை வந்துச்சு. உன்மேல அப்படி ஒரு பொறாமை எனக்கு."

பொறாமையாம்! நான் எத்தனை நவம்பர்கள் அந்த ஜன்னல் வழியாக இவன் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டை காட்டுக்குள் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியவில்லை. வாய் மட்டும் நிற்கவில்லை.

"அப்படின்னா தெரிஞ்சேதான் குடுத்திருக்க. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் என் பொண்ணு கையில குடுத்த. மூணு தடவை!"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், எனக்கு மட்டும்தான் பழகலன்னு நினைச்சேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை. கொரினைப் பார்த்தான். "அதனாலதான் அறுத்தேன். கட்டையைக் குறைச்சா அடியும் குறையும்னு நினைச்சேன்."

"கூடும்டா முட்டாளே! கூடும்! ரப்பரையும் சேர்த்து அறுத்து எறிஞ்சிருக்க!"

அண்ணனை 'டா' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. அவன் தலையை ஆட்டினான். எழுந்து குடிலுக்குள் போனான். போய்விட்டான், இனி கதவைச் சாத்திக்கொண்டு பிராந்தி பாட்டிலைத் திறப்பான் என்று நினைத்தேன். ஆனால் கொரினுக்கு நான் வாங்கிய துப்பாக்கியோடு திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்து அதைப் பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்தான்.

"இந்தா கொரின்," என்றான். "உங்கம்மா சொன்னதுதான் சரி. இதுல சுடு."

கொரின் என் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம் மாமா."

"இது உதைக்காதுடி செல்லம்," என்றேன் நான். "நம்ம பார்த்துப் பார்த்து வாங்கினதுல்ல?"

"அதுவும் உதைக்காதுன்னுதானே மாமா சொன்னாரு."

எத்தனை வகுப்பு, எத்தனை கடை, எத்தனை யோசனை. மூன்று குண்டில் இவன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். இன்றைக்கு இவள் இதைத் தொடாமல் அந்தப் பெஞ்சை விட்டுப் போனால் பிறகு எப்போதும் தொட மாட்டாள். எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் போனேன்.

கொரின் என் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்க முதல்ல சுடுங்க. நான் பார்க்கறேன்."

வெர்லின் அந்தச் சின்னத் துப்பாக்கியைப் பார்த்தான். பர்னெல் இருமினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் ஆயுளிலேயே அவன் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

வெர்லின் உட்கார்ந்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அளந்த கட்டை அந்தத் தோளில் காணாமல் போயிற்று. கழுத்தை ஆமைபோல் உள்ளே இழுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி எப்படியோ கண்ணை ஸ்கோப்புக்குக் கொண்டுவந்தான். வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். இந்தத் தடவை அவனே தோட்டாவைப் போட்டான். விசையை அழுத்த வெகு நேரம் எடுத்தான்.

சுட்டான். நாய் ஒரு தடவை குரைத்தாற்போல ஒரு சத்தம். அவன் தோள் அசைந்தது, அவ்வளவுதான். தட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பின்னால் மணல் புஸ்ஸென்று எழும்பி அடங்கியது.

அவன் எழுந்திருக்கவில்லை. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"என்னாச்சு?" என்றேன். "பட்டிருக்கு. எழுந்திரு."

"பார்த்தேன்," என்றான்.

"என்ன பார்த்த?"

"ஓட்டை விழறதை." குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "மணல் எழும்புறதை. நான் சுட்டது போய்ப் படறதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல மார்லி. ஒரு தடவைகூட."

எனக்குக் கண்ணீர் வரவில்லை. வந்திருக்க வேண்டுமாக்கும். வந்தது கோபம்தான். இந்தத் தடவை இவன் மேல் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் செத்து, லூத்தரன் தேவாலயக் கல்லறையில் நல்ல கிரானைட் கல்லுக்கு அடியில் நிம்மதியாகப் படுத்திருக்கிற ஒரு மனிதர் மேல். ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைச் சமையலறைக்குள் தள்ளினார், இன்னொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது வருஷம் காட்டில் அலையவிட்டார். இரண்டுக்கும் குடும்ப மரியாதை என்று பெயர் வைத்தார். அவரிடம் போய் யார் கேட்பது? செத்தவர்கள் எப்போதும் இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறார்கள்.

வெர்லின் போல்ட்டை இழுத்தான். காலித் தோட்டா பனியில் விழுந்து சின்னதாகப் புகைந்தது. கையை நீட்டி அடுத்த தோட்டாவை எடுக்கப் போனான். பெஞ்சில் இருந்த தோட்டாப் பெட்டியை அதற்குள் ஒரு சின்னக் கை தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கொரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். புருவத்தில் அந்தச் சிவப்பு வளையம் அப்படியே இருந்தது.

"எழுந்திருங்க மாமா," என்றாள். "அது என் துப்பாக்கி."